ஊர் முழுக்க டீச்சர் வாசம்

சேத்துக்கரைப் பொடிக்கொசுவைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. அதனால் உள்ளூர்க்காரர்கள் எப்போதும் பாதியாகக் குறைத்துத்தான் சொல்வார்கள். அந்தப் பாதிக் கணக்குப்படி விஷயம் இதுதான்: கடுகை நாலாக உடைத்து, அதில் ஒரு துண்டுக்கு இறக்கை முளைத்தால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான் அது. ஆனால் கடித்தது நாய் என்று நினைத்து ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஊரில் ஏழு பேர். சாதாரணக் கொசுவலையின் ஒரு கண்ணியில் மூன்று மூன்றாகக் கைகோத்து நுழையும். அலையாத்திக் காட்டுச் சேற்றில் பிறந்து, வெயில் ஏறும்வரை காலையிலும், வெயில் தாழ்ந்த பிறகு மாலையிலும் ஊரைத் தின்னும். ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் பேருந்துகூட மாலை ஐந்தரைக்கு மேல் கூட்டுரோட்டிலேயே திரும்பிப் போய்விடும். எதிரே மலை நிற்கிறது என்று அதன் கண்ணாடிக் கண்ணுக்குத் தெரியுமாம். நிற்பது மலை அல்ல.

இப்பேர்ப்பட்ட ஊரில், படகுத்துறையில் டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்ற கலியமூர்த்திக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கொடுவா மீன் தூண்டிலில் விழுவது அந்தி நேரத்தில்தான். அந்த நேரத்தில் துறையின் கடைசிப் படியில் ஒரு மணி நேரம், முழுசாக ஒரே ஒரு மணி நேரம், தூண்டிலும் கையுமாக உட்கார வேண்டும். முப்பது வருடத்தில் அவருடைய அதிகபட்ச சாதனை பதினோரு நிமிடம்.

முயற்சிக்குக் குறைவில்லை. வேப்பெண்ணெய் பூசிக்கொண்டார். கொசு வழுக்கி விழுந்து, எழுந்து வந்து கடித்தது. சாம்பிராணி போட்டார். இருமிக்கொண்டே கடித்தது. முழுக்கைச் சட்டை, முழங்கால்வரை காலுறை, மாவுச்சல்லடையைவிட நெருக்கமான வலையில் தைத்த முகமூடி என்று போனபோது, திருடன் என்று நினைத்து மீனவர்கள் பிடித்துக் கட்டிவைத்தார்கள். பொடிக்கொசுவுக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பு கிடையாது என்று எங்கோ படித்துவிட்டு, பெரிய குடைக்குள் மின்விசிறியைத் தலைகீழாகக் கட்டி, பேட்டரியை முதுகில் சுமந்து போனார். அன்றைக்கு ஒரு கடிகூட இல்லை. ஆனால் விசிறி சுற்றிய வேகத்தில் குடை அவரைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்க்கரைச் சேற்றில் இறக்கிவிட்டது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவருடைய மனைவி தில்லைநாயகி டீச்சரை இதுவரை ஒரு கொசு தொட்டதில்லை. ஊரின் ஒரே பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருடம் கணக்கு டீச்சராகவும் தலைமையாசிரியையாகவும் இருந்தவர். வேலையில் இருந்த காலத்தில் வாசலில் நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்துவார். கொசுக்கூட்டம் அவரைக் கண்டதும் இரண்டாகப் பிரிந்து, வரிசையாக, ஓரமாகப் போகும்.

"அதுங்களும் ஒன்கிட்ட படிச்சதுங்களா நாயகி?" என்று கேட்பார் கலியமூர்த்தி, சொறிந்துகொண்டே.

"படிச்சிருந்தா இப்படியா தாறுமாறா பறக்கும்?" என்பார் டீச்சர், தாளிலிருந்து தலையெடுக்காமல்.

ஒருநாள் துறையில் ஒரு பெண் கண்ணாடிக் குப்பிகளோடு சேற்றில் இறங்கி நின்றாள். ஜெசிந்தா என்று பெயர். பூச்சிகளை ஆராயும் ஒரு நிறுவனத்திலிருந்து வந்திருந்தாள்.

"ஏன் சார், இந்த ஊர்ல பொடிக்கொசு கடிக்காத ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காங்களாவா? அவங்களோட முப்பத்தெட்டு வருசமா குடும்பம் நடத்துறேன்மா!"

அவள் கண்கள் விரிந்தன. கையில் ஊர்ந்த சேற்றுநண்டைக் கீழே விட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கொசு நம்ம மூச்சுக்காத்தைப் பிடிச்சு தூரத்துலேர்ந்து வரும் சார். கிட்ட வந்ததும் தோலை மோந்து பாக்கும். நம்ம தோல்ல கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கோடிக்கணக்குல குடியிருக்கு. அதுங்க உண்டாக்குற வாசம் ஆளுக்கு ஆளு வேற, கைரேகை மாதிரி. ரொம்ப அபூர்வமா சில பேரோட வாசம் கொசுவுக்கு ஆகாது. அந்த வாசத்தை அப்படியே செஞ்சு ஒரு காப்புல அடைச்சு எல்லார் கையிலயும் மாட்டிட்டா?"

"ஊரே அவளாட்டம் வாசம் அடிக்கும்?"

"நம்ம மூக்குக்குத் தெரியவே தெரியாது சார். கொசுவுக்குத்தான் தெரியும். அவங்க ரெண்டு நாள் உடுத்துன பருத்திச் சேலை ஒண்ணு வேணும். அப்புறம் சம்மதம்னு அவங்க கையெழுத்து."

டீச்சரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் படிவத்தின் எல்லா வரியையும் படிப்பார், பதினேழு கேள்வி கேட்பார், கடைசியில் வேண்டாம் என்பார். கலியமூர்த்தியின் கண்ணுக்குள் ஒரு மணி நேரம் பளபளவென்று ஆடியது. துவைக்கப் போட்டிருந்த ஊதாச் சேலையைச் சுருட்டிக் கொடுத்தார். கையெழுத்தையும் அவரே போட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தைத் தாங்களே போட்டுக்கொண்டு வருவதும், டீச்சர் அதைக் கண்டுபிடித்து முதுகைப் பழுக்கவைப்பதும் சேத்துக்கரையில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம். அறுபத்தாறு வயதில், அட்டையே இல்லாமல், கலியமூர்த்தியும் அந்தப் பரம்பரையில் சேர்ந்தார்.

நாலு மாதத்தில் காப்பு வந்தது. ரப்பர் மாதிரி மெத்தென்று, நடுவில் மிளகளவு ஒரு மணி. சோதனை ஊர் என்பதால் எல்லோருக்கும் இலவசம். காலையில் மாட்டினார்கள். மாலையில் சேத்துக்கரை வெறிபிடித்து வீட்டைவிட்டு வெளியே பாய்ந்தது.

அடேயப்பா, என்ன அந்தி அது! கொசுப்படை வந்து, மோந்து பார்த்து, திகைத்து, ஒரே கூட்டமாகத் திரும்பிப் போன சத்தம் ரயில் போவதுபோல் கேட்டது. இருபது வருடமாக மாலை வானத்தைப் பார்த்திராத கிழவர்கள் "சூரியன் அந்தப் பக்கமாவா போவும்?" என்று வியந்தார்கள். கடற்கரையில் நாலு கல்யாண விருந்து ஒரே நேரத்தில் நடந்தது. அதில் ஒன்றில் மாப்பிள்ளையே கிடையாது. சும்மா வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்காகப் பந்தி போட்டிருந்தார்கள். கலியமூர்த்தி துறையின் கடைசிப் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். பிறகு இரண்டு மணி நேரம். மீன் ஒன்றும் விழவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

டீச்சர் மட்டும் காப்பு மாட்டவில்லை. "எனக்கு எதுக்கு?" என்றார். யாருடைய வாசம் அது என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த அன்றைக்குத் தன் கதி என்ன என்பது மட்டும் கலியமூர்த்திக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாம் நாளிலிருந்து ஊர் விநோதமாக நடந்துகொள்ள ஆரம்பித்தது.

இறால் விற்கும் மரியபுஷ்பம் எடை போட்டுவிட்டுத் திடீரென்று விம்மினாள். "தராசுக்கு அடியில காந்தம் ஒட்டிருக்கேன் மாமா. மன்னிச்சிருங்க," என்று அதைப் பிய்த்து ஆற்றில் எறிந்தாள். டீக்கடையில் எல்லோரும் உயரவாரியாக வரிசையில் நின்றார்கள். ஊர்த் தலைவர் ஒலிபெருக்கிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, கேட்காமலேயே, "தெற்குத் தெரு ரோடு நான் போடல. போட்டேன்னு சொன்னது பொய்," என்று ஒப்பித்துவிட்டு, உட்காரலாமா என்று கூட்டத்திடம் கேட்டார். சண்டை போட வந்த இரண்டு பேர் கிட்டே நெருங்கியதும் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

எல்லாவற்றிலும் பாவம், புதுமாப்பிள்ளை செழியன். கலியமூர்த்தியைத் துறையில் தனியாகப் பிடித்துக்கொண்டு அழாக்குறையாகச் சொன்னான்.

"கல்யாணமாயி ஒரு மாசம் ஆவுது மாமா. அவ பக்கத்துல வந்தாலே எனக்குப் பதிமூணாம் வாய்ப்பாடு ஞாபகத்துக்கு வருது. நான் பக்கத்துல போனா அவ எந்திரிச்சு நிக்கிறா!"

"டாக்டரைப் பாருடா."

"அவரும் நம்ம ஸ்கூலுதான் மாமா. என்னைப் பாத்துட்டு அவரு எந்திரிச்சு நின்னாரு."

கலியமூர்த்திக்கும் ஒரு கோளாறு இருந்தது, வெளியே சொல்லவில்லை. அவருக்குச் சர்க்கரை. டீச்சருக்குத் தெரியாமல் வாரம் ஒரு ஜிலேபி தின்பார். காப்பு மாட்டியபின் ஜிலேபியைக் கையில் எடுத்தால், கை தானாகவே அதைச் சரிபாதியாகப் பிய்த்து, பாதியை டீச்சருக்கு என்பதுபோல் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தது. பை பூராவும் பாதி ஜிலேபி. எறும்புகள் அவரைப் பின்தொடர்ந்து ஊர்வலமாக வந்தன.

ஜெசிந்தா பதறிக்கொண்டு வந்தாள். வந்ததும் வராததுமாக அவரை ஓரமாக இழுத்தாள்.

"சார், அந்தச் சேலைக்கு உரியவங்க என்ன வேலை பாத்தாங்க?"

சொன்னார். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாத் தப்பும் என்னோடதுதான். மூக்குக்குத் தெரியாதுன்னேன். மூளைக்குத் தெரியுமான்னு யோசிக்கலியே! அஞ்சு வயசுலேர்ந்து பத்து வருசம் அவங்க கரும்பலகைப் பக்கம் நின்னு நடுங்குனதுங்க, ஊர்ல கிட்டத்தட்ட எல்லாருமே. அந்த வாசத்தோட அந்தப் பயமும் உள்ள எங்கயோ பதிஞ்சு கெடந்திருக்கு. இப்ப ஒவ்வொருத்தரும் அடுத்தவங்க கையில டீச்சரை மோந்து பாக்குறாங்க சார்!"

"தன்னோட கையிலயும்," என்றார் கலியமூர்த்தி.

"ஊரு இப்படி அடங்கிப்போனதை எங்க மேலாளர் கண்டுபிடிச்சிட்டாரு. சந்தோசத்துல குதிக்கிறாரு. நாளைக்குச் சேலைக்கு உரியவங்களைப் பாக்க வர்றாரு."

மறுநாள் பதினோரு மணிக்கு மேலாளர் சுகுமாரன் பழக்கூடையோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். பின்னால் ஜெசிந்தா தலைகுனிந்து நின்றாள். கலியமூர்த்தி சமையலறைக் கதவுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு விளக்குமாறு நிற்கும் இடத்தில் நின்றார்.

"நீங்க ஒரு பொக்கிஷம் டீச்சர்," என்று ஆரம்பித்தார் சுகுமாரன். "கொசுவை விடுங்க. அது சில்லறை விஷயம். உங்க வாசத்தால இந்த ஊர்ல திருட்டு இல்ல, சண்டை இல்ல, பொய் இல்ல. ஒவ்வொரு ஊர்லயும் ஒரு டீச்சர் இருப்பாங்க. அந்தந்த ஊருக்கு அந்தந்த வாசம். தொழிற்சாலையில, ஆபீஸ்ல, சிறைச்சாலையில எல்லாம் காத்துல கலந்து விட்டா? சொன்ன பேச்சுக் கேக்குற நாடு! முதல் கையெழுத்து உங்களோடது."

தில்லைநாயகி டீச்சர் அசையவில்லை. "என் வாசமா?"

சுகுமாரன் பழைய படிவத்தை எடுத்து நீட்டினார். டீச்சர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

"என்னங்க. வெளிய வாங்க."

வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"முப்பத்தாறு வருசத்துல நாலாயிரம் போலிக் கையெழுத்து பாத்திருக்கேன். இவ்வளவு கேவலமா ஒருத்தனும் போட்டதில்ல."

"நமக்குள்ள எதுக்கு டீச்சர் அதெல்லாம்?" என்றார் சுகுமாரன், குரலில் தேன் வடிய. "போலிக் கையெழுத்து போட்டா கேஸு, கோர்ட்டுனு அலையணும். சாருக்கு இந்த வயசுல அது தேவையா? நீங்க புதுசுல ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா, பழசைக் கிழிச்சுப் போட்டுடலாம்."

டீச்சர் கேட்டது வேறு ஏதோ.

"ஊர்ல எல்லாரும் ஒழுங்கா நடந்துக்குறது என் மேல உள்ள மரியாதையிலதானே?"

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். அவள் கையிலும் காப்பு இருந்தது. ஆனால் அவள் வேறு ஊர்க்காரி. அவளாகவே உண்மையைச் சொன்னாள்.

"இல்ல டீச்சர். பயம். காப்புல நாடி பாக்குற வசதியும் இருக்கு. எல்லாருக்கும் நாடி ஏறுது, கை வேர்க்குது. வெறும் பயம்தான்."

டீச்சர் முகத்தில் அப்படி ஒரு மாற்றத்தைக் கலியமூர்த்தி முப்பத்தெட்டு வருடத்தில் பார்த்ததில்லை. ஓய்வுபெற்ற நாளில் ஊரே மாலை போட்டது, தெருவில் போனால் எழுந்து நின்றது, எல்லாவற்றையும் அந்த அம்மாள் ஒரு நிமிடத்தில் திரும்பப் போட்டுப் பார்த்துக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். விடை அவருக்குப் பிடிக்கவில்லை.

"நீங்களுமா?" என்று கணவரைக் கேட்டார்.

ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என்று அவருக்கே தெரியவில்லை.

டீச்சர் கையை நீட்டினார். "அந்த நாடிக் கணக்கைக் காட்டுங்க."

சுகுமாரன் மேசையில் திரையை விரித்தார். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கோடுகள், எல்லாம் சிவப்பு, எல்லாம் மேல்நோக்கி. டீச்சரின் விரல் ஒவ்வொன்றாக இறங்கி வந்து ஓரத்தில் நின்றது. அங்கே வெளிறிய நீலத்தில் ஒரே ஒரு கோடு, கீழே போய்க்கொண்டிருந்தது.

"இது என்ன?"

"அது ஏதோ பிழை டீச்சர். கணக்குல சேக்கல, தள்ளிட்டோம்."

"பிழை இல்ல," என்றாள் ஜெசிந்தா, இந்தமுறை சத்தமாக. "மூணு தடவை சரிபாத்தேன். அது கலியமூர்த்தி சாரோட நாடி. எல்லாருக்கும் ஏறுறப்ப இவருக்கு மட்டும் இறங்குது. மடியில படுத்துத் தூங்கப்போற பிள்ளைக்கு இறங்குமே, அந்த மாதிரி."

கலியமூர்த்திக்குக் காது நுனிவரை சிவந்தது. சட்டைப்பையில் இருந்த பாதி ஜிலேபியை வெளியே எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கூடை மேல் வைத்தார்.

டீச்சர் அதைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, புதுப் படிவத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். சுகுமாரனுக்கு வேர்க்கத் தொடங்கியது. அவர் காப்புகூட மாட்டியிருக்கவில்லை.

"ஒரு கணக்கைத் தள்ளிட்டு விடை சொல்றவங்களுக்கு நான் மார்க் போட்டதில்ல," என்றார் டீச்சர். "சரி, அதை விடுங்க. ஊர்ல ஆயிரத்து நூறு பேருக்கு நாடி பாத்திருக்கீங்களே, யார்கிட்ட சம்மதம் வாங்குனீங்க? இதுல கொசுன்னு இருக்கு. நாடின்னு ஒரு எழுத்துகூட இல்லியே?"

"அது வந்து... டீச்சர்..."

"கோர்ட்டுக்குப் போலாம்னு நீங்கதானே சொன்னீங்க? இவரு ஒரு போலி போட்டாரு. நீங்க ஆயிரத்து நூறு. யாரு முதல்ல போகலாம்?"

சுகுமாரன் எழுந்தார். படிவம் முழுக்க சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார் டீச்சர். கீழே கொட்டை எழுத்தில் பூஜ்யம். அதை வாங்கிக்கொண்டு, "தேங்க்யூ டீச்சர்," என்று சொல்லிவிட்டு மனிதர் படியிறங்கினார். ஏன் அப்படிச் சொன்னார் என்று கூட்டுரோடு வரை யோசித்துக்கொண்டே போயிருப்பார். ஜெசிந்தா அவரோடு போகவில்லை.

அன்று மாலை பள்ளி மைதானத்தில் ஊர் கூடியது. டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். சேலை, கையெழுத்து, பயம், ஒன்றையும் விடவில்லை. "கழட்டுங்கன்னு நான் சொல்லல," என்று முடித்தார். "கொசுக்கடியா, இந்தப் பயமான்னு யோசிச்சு அவங்கவங்க முடிவு பண்ணுங்க."

சொல்லி வாய் மூடுவதற்குள் ஆயிரத்து நூறு காப்பும் கழன்று விழுந்தன.

"யோசிங்கன்னு சொன்னேன்!"

எல்லோரும் அவசரமாகத் திரும்ப மாட்டிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி யோசிப்பதுபோல் நின்றார்கள். முதலில் செழியன்தான் யோசித்து முடித்தான். காப்பைச் சுழற்றி வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு மனைவியைத் தேடிக்கொண்டு ஓடினான். அடுத்து மரியபுஷ்பம். ஊர்த் தலைவர் மட்டும் ரொம்ப நேரம் யோசித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அவருக்காகக் கழற்றிவிட்டார்கள்.

இத்தனை நாள் பசியோடு வந்த கொசுப்படையை வர்ணிக்க வார்த்தை இல்லை. மைதானத்தில் ஆயிரம் பேர் அறைந்துகொண்டு, குதித்துக்கொண்டு, ஒருத்தர் முதுகை ஒருத்தர் சொறிந்துகொண்டு, சிரித்துச் சிரித்து விழுந்தார்கள். டீச்சருக்கு முன்னாலேயே ஒருவன் கெட்ட வார்த்தை சொல்லிக் கொசுவைத் திட்டினான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். டீச்சர் காதில் விழாததுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பை அடக்கியதில் உதடு மட்டும் லேசாகத் துடித்தது.

கலியமூர்த்திக்குத் தண்டனை மறுநாள் கிடைத்தது. 'பிறர் வாசத்தை அவர் அனுமதியின்றி எடுக்கமாட்டேன்' என்று ஆயிரம் தடவை எழுத வேண்டும். வீட்டுக்குள் அல்ல. துறையின் கடைசிப் படியில், அந்தி நேரத்தில், காப்பு இல்லாமல். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பார்.

முப்பத்தெட்டு வருடத்தில் வெளியில், நாலு பேர் பார்க்க, அந்த அம்மாள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. தெருவில்கூடப் பத்தடி முன்னால் நடப்பார். பிள்ளைகள் பார்த்தால் என்ன நினைக்கும் என்பார். இப்போது நோட்டுப் புத்தகம் சின்னது, எழுத்து பொடி, கண்ணாடி பழசு. எட்டிப் பார்க்கத் தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார வேண்டியிருந்தது.

கலியமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். நூறு வரி. இருநூறு. கழிமுகத்தில் வெளிச்சம் மஞ்சளாகி, செம்மையாகி, ஊரில் அங்கங்கே அறைந்துகொள்ளும் சத்தம் கேட்டது. இதோ வரும், இதோ கடிக்கும் என்று கழுத்தை உள்ளிழுத்தபடியே முந்நூற்று இருபதைத் தாண்டியபோதுதான் அவருக்கு உறைத்தது. தலைக்கு மேல் ஒரு கொசுப்படை வந்து, நின்று, இரண்டாகப் பிரிந்து, வரிசையாக, ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர்மேல் ஒன்றுகூட உட்காரவில்லை. ஒரு மணி நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

பேனாவை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். டீச்சர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் நின்னுட்டீங்க? எழுதுங்க."

ஐந்நூற்று நாற்பதாவது வரியில் கலியமூர்த்தி ஒரு சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டு எழுதினார்.

சிவப்புப் பேனா உடனே வந்து வட்டம் போட்டது. அது வேண்டுமென்று செய்த தப்பு என்பது நாலாயிரம் போலிகளைப் பிடித்தவருக்குத் தெரியாமலா போகும்? டீச்சர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்.

"தப்பு," என்றார். "முதல்லேர்ந்து எழுதுங்க."